பித்தளை உரல் உனக்குத்தானாம்

மகனே,

இப்படிக் கூப்பிட எனக்கே கூச்சமாக இருக்கிறது. எனக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யார் என்பதும் முடிவாகவில்லை. அதாவது, நான் முடிவு செய்யவில்லை. ஆனால் புதன்கிழமை சாயங்காலம் அம்மாவின் அண்ணன், என் மாமா, எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு பித்தளை உரலைத் தரையில் வைத்து, ஆட்டுக்குட்டியைத் தடவுவதுபோல அதைத் தடவிக்கொண்டே, "இது உன் புள்ளைக்குத்தாம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லாரும் உன்னைப் பற்றியே பேசுகிறார்கள். ஏரியில் உனக்கு எந்தப் பக்கம் முறை வரும், நீ யார் ஜாடையில் இருப்பாய், உனக்குக் குலசாமி பெயரை வைப்பதா மாமாவின் அப்பா பெயரை வைப்பதா என்றெல்லாம். இத்தனை பேர் பேசும்போது நான் மட்டும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. நைனாவும் அம்மாவும் தூங்குகிறார்கள். போன் டார்ச்சைத் தாவணிக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நைனா இருமினால் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன், பிறகு மறுபடி எழுதுவேன். எழுத்து எங்காவது கோணிக்கொண்டு போனால் அங்கே நைனா இருமினார் என்று எடுத்துக்கொள்.

நீ இதைப் படிக்கும்போது வளர்ந்த ஆளாக இருப்பாய். உன் சொத்து என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதைச் சொல்கிறேன். ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஒரு சாண் உயரத்தில் பித்தளை உரல் ஒன்று, அதற்கு ஏற்ற இரும்பு உலக்கை ஒன்று, பலகையில் பதித்த கத்தி ஒன்று, சங்கிலியில் குட்டிக் கரண்டி தொங்கும் சுண்ணாம்பு டப்பி ஒன்று. எல்லாம் எதற்கு என்று கேட்கிறாயா? காய்ந்த இலை ஒன்றின் தண்டை உரித்து, வெல்லத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, அந்தக் கத்தியால் நறுக்கி, கிராம்பும் ஏரிக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பும் சேர்த்து, அந்த உரலில் இடித்து, பல் ஆடிப்போன வாய்களுக்குள் திணிப்பதற்கு. அவ்வளவுதான். துப்பப்போகிற ஒரு பொருளுக்கு இத்தனை பித்தளை. இது சாதாரண உரல் இல்லை, டச்சுக்காரன் நம் முப்பாட்டனுக்குக் கொடுத்தது என்று மாமா சொன்னார். பழவேற்காட்டில் ஒரு பொருளில் கொஞ்சம் கறுப்பு ஏறினால் போதும், அதை டச்சுக்காரன் கொடுத்ததாக ஆக்கிவிடுவார்கள். டச்சுக்காரன் இங்கே வந்து வியாபாரம் செய்தானா, இல்லை எங்கள் ஆட்களுக்குப் புகையிலை இடிக்கப் பாத்திரம் வழங்கிக்கொண்டிருந்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நைனா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

நீ வேறு எங்காவது வளர்ந்தால் அடுத்த விஷயம் புரியாது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ஏரியில் நல்ல இடம் கொஞ்சம்தான். முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு எல்லா ஆம்பளைக்கும் கிடையாது. கல்யாணமாகித் தனிக் குடும்பமாக நிற்கிறவனுக்குத்தான். தனிக் குடும்பம் என்பதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற அடையாளம் உரல். வீடு வாடகையாக இருக்கலாம், படகு அடுத்தவனுடையதாக இருக்கலாம், ஆனால் புகையிலை உரல் பரம்பரையாக வந்ததாக இருக்க வேண்டும். பேசி முடிக்கிற நாளுக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டு உரல் பெண் வீட்டுக்கு வரும். அந்த நாளில் பெண் அதில் இடித்துத் தட்டில் வைக்க வேண்டும். மாப்பிள்ளையின் குப்பத்துப் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் சம்மதம். ஆட்சேபம் இருக்கிறவர் போட்டுக்கொள்ளாமல் பேசலாம். போட்டுக்கொண்ட பிறகு பேசக்கூடாது. பேசவும் முடியாது, வாய் நிறைய எச்சில். ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்ய இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா என்று நீயே சொல். வாயை அடைத்துக்கொண்டு அதற்குச் சம்மதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்குத்தான் அது. இடிக்கப்போகிறவள் நான். மாமாவின் மகன் சீனுவுக்குப் பாடு வேண்டும். அடுத்த முறை பிரிப்பதற்குள் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். தாலியை இப்போது கட்டிவிடலாம், பதினெட்டு ஆனதும் பதிவு செய்துகொள்ளலாம் என்று மாமா சொன்னார். பரீட்சை பற்றி அம்மா மெதுவாகக் கேட்டதற்கு, கல்யாணம் ஆனவள் பரீட்சை எழுதக்கூடாது என்று சட்டமா என்று கேட்டார். சட்டத்தைப் பற்றி அவர் பேசியது எனக்குச் சிரிப்பாக வந்தது. சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் நான் இல்லை. பயமாக இருக்கிறது, மகனே. அதை மறைத்து உனக்குத் தைரியசாலி அம்மாவாக வேஷம் போட விரும்பவில்லை.

சீனுவைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நல்லதாகச் சொல்லவும் தேடிப் பார்த்துவிட்டேன். புதன்கிழமை அவனும் வந்திருந்தான். இவ்வளவு மரியாதையோடு கொண்டுவந்த உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து கடைப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டான். இடித்த புகையிலையை அவன் தொடுவதே இல்லையாம், அதில் காரம் போதவில்லையாம். யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம், "நீ படிக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா படிச்சி இன்னா பண்ணப் போற?" என்றான். காலையில் அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் வெள்ளை கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ரயிலுக்கு நிற்கிற நர்ஸிங் அக்காக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியாக நிற்கப்போகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவன் துப்புவதற்கு எழுந்து போய்விட்டான். இவனுக்காகத்தான் அந்த டச்சுக்கார உரல்.

உரலைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டிலும் ஒரு இரும்பு உரல் இருக்கிறது. ஏழாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடம் போகும் முன்னால் நைனாவுக்கு அன்றைக்கு வேண்டியதை இடித்து வைத்துவிட்டுத்தான் போவேன். என் கையிலிருந்து அந்த வாடை போகாது. பக்கத்தில் உட்காருகிற பெண் தும்முவாள். நைனாவுக்கு வாய்க்குள் புண் வந்தபோது பொன்னேரி ஆஸ்பத்திரியில் இதை நிறுத்தாவிட்டால் பெரிதாகிவிடும் என்றார்கள். நைனா தலையை ஆட்டிவிட்டு வந்து, இனிமேல் காரம் குறைந்த இலையாக வாங்கச் சொன்னார். டாக்டர் பேச்சைக் கேட்டுவிட்டதாக இன்றுவரை சொல்லிக்கொள்கிறார். அவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. கோபம் வர ஆளிடம் கொஞ்சமாவது எதிர்பார்ப்பு வேண்டும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை அல்லவா? அம்மா புகையிலை போடுவதில்லை. ஆனால் சுண்ணாம்பு அளவாக இருக்கிறதா என்று இடிக்கிறவள்தான் நாக்கு நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிகமானால் போட்டுக்கொள்கிறவர் வாய் வெந்துவிடும். சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து அவளுடைய அப்பாவுக்கு, பிறகு நைனாவுக்கு என்று தொட்டுத் தொட்டு அம்மாவின் நாக்கு நுனி மரத்துப்போய்விட்டது. அவளுக்கு உப்பு தெரியாது. குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டால் நைனா தட்டைத் தள்ளிவிட்டு, "உனுக்கு நாக்கு இன்னா செத்தா பூடுச்சி?" என்று கேட்பார். யாருடைய வாய் வேகாமல் இருப்பதற்காக அந்த நாக்கு செத்தது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நான் இடிக்க ஆரம்பித்தபோது அம்மா என்னை நாக்கால் தொட விட்டதில்லை. தானே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். அம்மா எனக்காகச் செய்ததில் நான் மறக்கக்கூடாத விஷயம் இது. இதற்குப் பிறகு நான் அவளைப் பற்றிச் சொல்லப்போவதை வைத்து அவளை நீ வெறுத்துவிடாதே என்பதற்காக முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

இன்றைக்கு மத்தியானம் நைனா ஏரியிலிருந்து வந்ததும் உரலைப் பார்த்தார். நாலு பெரிய மனுஷங்க முன்னால் வைக்கிற பொருள், இப்படிக் கறுப்பாகவா இருப்பது, புளி போட்டு நன்றாகத் தேய், கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்றார். மரியாதைக்காகத்தான் சொன்னார். நான் புளியும் உப்பும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்த் தேய்த்தேன். பழைய பித்தளையில் கறுப்பு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும், தேய்த்துத் தேய்த்துத் தோள் வலிக்கும். இது இரண்டு இழுப்பில் குழம்பாக வழிந்து கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஷூ பாலிஷ் வாசனை வந்தது. உள்ளே விரலை விட்டேன். எங்கள் வீட்டு இரும்பு உரலின் அடியில் என் கட்டைவிரல் உட்காருகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. அதில் என் அஞ்சு வருஷத்து வேலையும் உண்டு. நாலு தலைமுறை இடித்ததாக மாமா சொன்ன இந்த உரலின் அடி தட்டு மாதிரி சமமாக இருந்தது. கடைசல் மிஷின் சுற்றிய கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் வட்டமாக விரலில் தட்டின. உலக்கையின் முனை மழுங்கவே இல்லை. ஒரு இலையைக்கூட அது இடித்ததில்லை, மகனே. ரிசார்ட்டுகளுக்குப் பழசு மாதிரிச் செய்து விற்கிற கடைகள் சென்னை ரோட்டில் இருக்கின்றன. அங்கே வாங்கிய பொம்மை.

நைனா வந்து பார்த்தார். புத்தம்புதுப் பித்தளை வெயிலில் கண்ணைக் குத்தியது. "பாத்தியா, டச்சுக்காரன் பித்தளன்னா சும்மாவா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த உரலை ஊருக்கு முன்னால் காட்டிக்கொடுக்கிற வேலையை அவரே எனக்குக் கொடுத்தார், அதைச் செய்து முடித்ததற்குப் பாராட்டும் கொடுத்தார். எனக்கு என்ன நடக்கிறது என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உரல் பொய் என்றால் சீனுவின் குடும்பத்துக்கு உரல் இல்லை. உரல் இல்லை என்றால் பேச்சே இல்லை. பரீட்சைக்குப் போகலாம்.

அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்தாள். ஓடிப்போய்க் காட்டினேன். கோடுகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் தொடவில்லை. கூடையை இறக்கி வைத்தாள், கையைக் கழுவினாள், நேராக உள்ளே போய் விளக்கு மாடத்திலிருந்து கரியை ஒரு தாளில் வழித்துக்கொண்டு, அதில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தாள். என் கையிலிருந்து உரலை வாங்கிப் பூச ஆரம்பித்தாள். உள்ளேயும் விடவில்லை.

நான், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வாசல்ல கையில வாங்கும்போதே தெரிஞ்சிது" என்றாள். "எங்க வூட்டு உரலு இத்தவிட கனம். உள்ள பள்ளம் எடதுபக்கமா சாஞ்சி இருக்கும். நான் எடதுகைக்காரி இல்ல?"

உண்மையான உரலை மாமா எப்போதோ விற்றிருக்க வேண்டும், படகு இஞ்சின் கெட்டுப்போன வருஷம் பழைய கதவு, பழைய பாத்திரம் வாங்க வேன் வந்ததே, அப்போதாக இருக்கும் என்று அவளே சொன்னாள். அண்ணன் மேல் கோபம் இல்லை அவள் குரலில். ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். நாலு தலைமுறை என்று மாமா பெருமை அடித்துக்கொள்கிற உரலில் பள்ளம் விழ இடித்தவள் அவள். அந்தப் பள்ளத்தைச் சேர்த்துத்தான் அவர் விற்றிருக்கிறார். இப்போது அது எந்த ஹோட்டல் வாசலில் தண்ணீரும் சாமந்திப் பூவுமாக உட்கார்ந்திருக்கிறதோ.

"உரலு இல்லன்னு தெரிஞ்சா சீனுவுக்குப் பாடு கெடையாது. எங்க அண்ணன் அந்த ஊர்ல தல தூக்க முடியாது" என்றாள்.

"அப்போ நான்?"

பூசிக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நீ பொம்பளப் புள்ள. உனுக்கு இன்னாடி, எங்க போனாலும் ஒரு உரலு."

சாயங்காலம் நைனா வந்து, தேய்த்தது எல்லாம் ஏன் மறுபடி கறுத்துவிட்டது என்று கேட்டார். பழசு என்றால் கறுப்பாகத்தான் இருக்கும், மின்னினால் நம்ப மாட்டார்கள் என்று அம்மா சொன்னாள். அதற்கும் நைனா தலையை ஆட்டினார். உரலுக்கு வெள்ளைத் துணி சுற்றி, பொட்டு வைத்து, மூலையில் வைத்தாயிற்று. அதற்குப் பக்கத்தில் புகையிலை வெல்லத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. அந்த வாடையில்தான் இதை எழுதுகிறேன்.

பெற்றவர்கள் பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். யாராவது ஒரு பொருளைத் துணி சுற்றிக் கொண்டுவந்து பரம்பரை என்று சொன்னால் கும்பிடுவதற்கு முன்னால் உள்ளே விரலை விட்டுப் பார். பள்ளம் இருந்தால் அது யார் கையால் விழுந்தது என்று கேள். அந்தக் கையின் பெயரை அவர்கள் சொல்ல மாட்டார்கள். டச்சுக்காரன் பெயரைச் சொல்வார்கள். உனக்கு ஒரு பெண்ணைப் பேசி முடிக்கிற நாள் வந்தால், உன் வாயில் போடுவதை நீயே இடித்துக்கொள், சுண்ணாம்பை உன் நாக்கில் தொட்டுப் பார். அப்போதே உனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகும். உப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளாதே. தள்ளினால் நீ என் மகன் இல்லை, அவர்கள் பிள்ளை. இன்னொன்று. நீ வருவதாக இருந்தால் மெதுவாக வா. உனக்காகப் பாடு காத்திருக்கிறது, உரல் காத்திருக்கிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதே. நான் முதலில் அந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்.

நான் இன்று ராத்திரி செய்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எல்லாரும் தூங்கிய பிறகு துணியை அவிழ்த்து, உரலைப் பின்பக்கம் எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். உள்ளே, வெளியே, அடியில், எல்லாம். ஒரு சத்தமும் வராமல் தேய்த்தேன். லைட்ஹவுஸ் வெளிச்சம் சுற்றிவந்து அதன்மேல் விழும்போதெல்லாம் ஊரே பார்த்துவிட்டதுபோல அதைத் தாவணியால் மூடிக்கொண்டேன். துணியைச் சுற்றி, பொட்டை அதே இடத்தில் வைத்து, மூலையில் வைத்துவிட்டேன். நகக்கண்ணெல்லாம் கரி. காலையில் அம்மா என் கையைப் பார்த்தாலே தெரிந்துகொள்வாள். பார்த்தால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி கரி பூச அவளுக்கு நேரம் இருக்காது, பெரியவர்கள் விடிந்ததும் படகில் வந்துவிடுவார்கள். நைனா அடிப்பார். மாமா என்ன செய்வார் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அவர்கள் குப்பத்துத் தலைவரான நாட்டார் துணியை விலக்குவார். பளபளவென்று ஒரு கடைச் சாமான் வெளியே வரும். சிறு வயதிலிருந்து உரலும் உலக்கையுமாக வளர்ந்த கிழவர்கள் அவர்கள், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வார்கள். எழுந்து போய்விட்டால் நல்லது. ஆனால் நான் இவர்களை நன்றாகப் பார்த்து வளர்ந்தவள். பார்த்தும் பார்க்காததுபோல, வந்ததற்கு ஒரு சிட்டிகை என்று ஆளாளுக்கு எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மாமா போட்டுக்கொள்வார், சந்தோஷத்தில் நைனா போட்டுக்கொள்வார், சீனுவுக்கு அவன் பாக்கெட் இருக்கிறது. சுண்ணாம்பைச் சரிபார்க்க அம்மா வழக்கம்போல என்னை முந்திக்கொண்டு வந்து நாக்கை நீட்டுவாள். ஆகட்டும். போட்டுக்கொண்டவர் பேசக்கூடாது என்பது அவர்கள் வைத்த சட்டம்தான். நாளைக்கு அந்த வீட்டில் வாய் காலியாக இருக்கப்போகிறவள் நான் ஒருத்திதான்.